கெட்டிலில் வெந்த முட்டை

ஆண் பறவை என்று சொல்லித்தான் அதை எங்களிடம் கொடுத்தார்கள். மகளின் தோழி குடும்பத்தோடு வெளிநாடு போனபோது, கூண்டும் தினைப் பையும் ஒரு சிறிய மணியுமாக அந்தக் காக்கடீல் கிளி எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தது. சாம்பல் நிற உடம்பு, தலையில் நிமிர்ந்து நிற்கும் கொண்டை, கன்னத்தில் சாந்தைத் தொட்டு அழுத்தியது போல ஆரஞ்சுப் பொட்டு. மகள் அதை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவாள். “டேய், காலேஜுக்குப் போயிட்டு வரேன்டா” என்று கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துச் சொல்வாள். என்னிடம் சொல்லாமல் அவள் கிளம்பிய நாட்கள் உண்டு. அதனிடம் சொல்லாமல் கிளம்பிய நாள் கிடையாது.

புரட்டாசியில் ஒரு காலை, கூண்டின் அடித்தட்டுக் காகிதத்தை மாற்றப் போனேன். மூலையில் ஒரு முட்டை. பெரிய நெல்லிக்காய் அளவு, சுத்த வெள்ளை. பறவை அதன் பக்கத்தில் ஒன்றும் தெரியாதது போல நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். என் மாமனார் காலத்தில் சென்னைக்கு வந்த குடும்பம். தி. நகரில் லைனிங் துணி, ஃபால்ஸ், ரவிக்கைத் துணி விற்கும் கடை. ஊரை விட்டு இத்தனை வருடமாகியும் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. பிறந்தநாள் கேக்கைக்கூடப் பெட்டியில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கணவர் உள்ளே விடுவார். அப்படிப்பட்ட வீட்டில், பூஜை அலமாரிக்கு நேர் எதிரே, ஒரு முட்டை கிடந்தது.

“ஆம்பளப் பறவ எப்படி முட்ட போடும்?” என்றார் கணவர். நெற்றியில் விபூதி காய்ந்திருந்தது. கடைக்குக் கிளம்பும் நேரம்.

மகள் படுக்கையிலிருந்து ஓடிவந்தாள். முட்டையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்பா, இது பொண்ணுப்பா!” என்று கத்திவிட்டு, கூண்டுப் பக்கம் குனிந்து, “ஏய், நீ பொண்ணாடீ? சொல்லவே இல்லியேடீ?” என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அவள் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கணவர் டிஷ்யூ பேப்பரால் முட்டையை எடுத்து, கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து மறுபடி குளித்தார். ஒருநாள் விட்டு அடுத்த முட்டை. அதையும் எடுத்துப் போனார். அதற்கடுத்ததும் அப்படித்தான். பால் பாக்கெட்டை எடுப்பது போல அது அவருடைய காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. எங்கள் யாருக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. பறவை மட்டும் ஒவ்வொரு முறையும் மூலைக்குப் போய்க் காகிதத்தை அலகால் தள்ளிப் பார்க்கும். பிறகு மேல்கம்பிக்கு வந்து உட்காரும். அப்படி ஏறி உட்காருவதும் போகப்போகக் குறைந்தது. வயிற்றுப் பக்கம் இறகு கலைந்து, கண்ணை அரைகுறையாக மூடியபடியே இருந்தது. மகள் கல்லூரிக்கு லீவு போட்டாள்.

அந்த லீவைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

சித்திரையில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி பெரிதாகிவிட்டது, மாதா மாதம் ரத்தம் நிற்காமல் போகிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். மகளுக்கு அப்போது கல்லூரியில் ஏதோ விழா. ஆஸ்பத்திரிக்கு வந்தாள், கால்மாட்டில் உட்கார்ந்தாள், போனைப் பார்த்தாள், “ஓகேவாம்மா?” என்றாள். ஓகே என்றேன். போய்விட்டாள். வீட்டுக்கு வந்து, தையல் முழுதாக ஆறுவதற்குள் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டு நின்றவள் நான். மாமியார் இல்லை, அம்மா இல்லை. கணவருக்குக் கடை. யாரையும் குறை சொல்ல முடியாத விதமாகத்தான் எல்லாம் நடந்தது.

இப்போது வீட்டில் மிக்ஸி போடக் கூடாது என்றாள் மகள்.

“அது பயப்படும்மா. முட்டை போடுற நேரத்துல ஷாக் ஆகக் கூடாதாம்.”

“அப்போ சட்னி?”

“பொடி இருக்குல்ல?”

டிவி சத்தம் குறைந்தது. மின்விசிறி ஒன்றாம் எண்ணிலேயே ஓடியது. வாசல் மணிக்கு மேல் துணி ஒட்டினாள். அவள் விரல் நுனியில் தினையை ஏந்திக் கம்பிக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதை, சமையலறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாத ஒரு பறவை. அதன் மேல் எனக்கு வந்த பொறாமைக்கு மட்டும் எடை இருந்தது. பகலெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இந்த வயதில், பேங்கில் அதிகாரியாக இருக்கும் ஒரு பெண், ஒரு பறவையோடு போட்டி போடுகிறாள் என்று யாரிடம் சொல்வது?

அடையாறில் பறவைகளைப் பார்க்கும் டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். சின்ன வயதுப் பெண். பறவையைத் துண்டில் சுற்றிப் பிடித்து, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார்.

“எத்தனை முட்டை போட்டுச்சு?”

மகள் சொன்னாள்.

“எல்லாத்தையும் அப்படியே வெச்சிருக்கீங்கல்ல?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “எடுத்துப் போட்டுட்டேன் டாக்டர்,” என்றார் கணவர். “எங்க வீட்ல முட்ட வச்சிக்கிட மாட்டோம்.”

“அது அதுக்குத் தெரியாதே சார்,” என்று டாக்டர் சிரித்தார். “நீங்க எடுக்க எடுக்க, ‘காணோமே’ன்னு அது இன்னொண்ணு போடும். ஜோடி இல்லாத முட்டை, குஞ்சு வரப்போறதில்ல. ஆனா அது உக்காந்து பாத்து, சரி, இது ஆகாதுன்னு அதுவா விடணும். அதுவரைக்கும் முட்டை கூண்டுலயே இருக்கட்டும். உடம்புல இருக்குற கால்சியம் எல்லாம் போயிட்டிருக்கு.”

வெளிச்சத்தைக் குறையுங்கள், சாயங்காலமே கூண்டை மூடுங்கள், முதுகைத் தடவாதீர்கள் என்றார். தினமும் முதுகைத் தடவிக்கொடுப்பவள் மகள்தான்; அவள் முகம் சுருங்கியது. கடல்நுரை வாங்கித் தொங்கவிடச் சொன்னார். அது நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும் என்றதும் கணவருக்கு நிம்மதி. கடல்நுரை என்பது கணவாய் மீனின் ஓடு என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

“அப்புறம் வேகவெச்ச முட்டை. கொஞ்சமா, ஓட்டோட நசுக்கிக் குடுங்க. டெய்லி.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் கூண்டைப் பார்த்தார்.

“சரி டாக்டர்,” என்றார்.

அவ்வளவுதான். ஒரு ‘சரி’. திரும்பி வரும் வழியில் மந்தைவெளி சிக்னலில் கார் நிற்கும்போது, சித்திரையில் இன்னொரு டாக்டருக்கு அவர் சொன்ன பதில் காதில் கேட்டது. எனக்கு ரத்தம் மிகவும் குறைவாக இருந்தது. “தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லுங்க, சீக்கிரம் தேறிடுவாங்க” என்றார் அந்த அம்மாள். “அது நமக்குப் பழக்கமில்ல டாக்டர்” என்று அவர் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் சொன்னார். மகளும் கட்டிலோரம் நின்று, “அம்மாவா? முட்டையா? வாசனைக்கே வாந்தி எடுத்துருவா” என்று சிரித்தாள். டாக்டர் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று எழுதிக் கொடுத்தார். கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அன்று மாலை கணவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். கையில் கறுப்பு பாலித்தீன் பை. அதற்குள் செய்தித்தாள் பொட்டலம், அதற்குள் இரண்டு முட்டைகள். தெருமுனைக் கடைக்காரருக்கு எங்களைத் தெரியும் என்பதால் ராயப்பேட்டையில் இறங்கி வாங்கினாராம். சமையலறை அடுப்பில் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

“பால்கனியில வச்சி அவிச்சிக்கோட்டி. கெட்டில் ஒண்ணு சும்மாதான கெடக்கு?”

அந்தக் கெட்டில் என்னுடையது. ஆஸ்பத்திரியில் எனக்கு வெந்நீர் வைக்கவென்று வாங்கியது. வீட்டுக்கு வந்த பிறகும் என் தலைமாட்டில் இருந்தது. ராத்திரி எழுந்து சமையலறை வரை நடக்க முடியாத நாட்களில் நானே அதில் வெந்நீர் வைத்துக்கொண்டேன். மகள் அதை எடுத்துப்போய், பால்கனியில் துளசித் தொட்டிக்குத் தள்ளி வைத்து, முட்டையைப் போட்டாள். அது உள்ளே டக்டக்கென்று மோதும் சத்தம் கேட்டது. கணவர் கூண்டுக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவே கடையிலிருந்து கொண்டுவந்த சந்தன நிற லைனிங் துணியைத் திரையாகக் கட்டினார். முருகனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறாராம்.

வெந்த முட்டையின் வாசனை ஹாலுக்குள் வந்தது. எனக்கு வாந்தி வரவில்லை.

மகள் ஓட்டோடு நசுக்கி, விரல் நுனியளவு எடுத்து நீட்டினாள். பறவை கழுத்தை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கொத்தியது. “சாப்புடுதுப்பா! அம்மா, பாரேன், சாப்புடுது!” என்றாள். கணவர் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, “நல்லா தின்னு, தின்னாதான் தெம்பு” என்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்தேன். அது தின்றதுபோக மீதி முட்டை தினமும் காக்கைக்குப் போனது.

அதற்குப் பிறகு போட்ட முட்டைகளைக் கூண்டிலேயே விட்டுவைத்தோம்; அது அவற்றின் மேல் ஒழுங்காக உட்கார்ந்தது. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், கணவர் கடைக்கும் மகள் பரீட்சைக்கும் போய்விட, எனக்கு பேங்கில் விடுப்பு. காலைக் காபியோடு, கூண்டை மூடியிருந்த துணியை விலக்கினேன். பறவை முட்டைகளை விட்டு விலகி, எதிர் மூலையில், பஞ்சுருண்டை போல உப்பிக் கிடந்தது. வால் மேலும் கீழும் அசைந்தது. கண் மூடியிருந்தது. கொண்டை படுத்திருந்தது. முக்கியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி முக்கியது.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. ‘என் கையில் செத்தது என்று ஆகிவிடும்’ என்ற பயம்தான். மகள் அதை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாள். அம்மா வீட்டில் இருந்த அன்றைக்குத்தான் செத்தது என்பாள். என் மனதில் இத்தனை நாளாக என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்றுகூடத் தோன்றியது.

மகளின் போன் அணைந்திருந்தது. கணவரைக் கூப்பிட்டேன். பின்னால் பெண்களின் குரல்கள், கத்தரிக்கோல் சத்தம்.

“கடையில ஆளு நெரிசலா நிக்காங்க. அந்த டாக்டருட்ட கொண்டுபோயேன். நீ பாத்துக்கிடுவ.”

நான் பார்த்துக்கொள்வேன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

செருப்பு வந்த அட்டைப் பெட்டியில் என் பழைய பருத்திப் புடவையை மடித்து வைத்து, பறவையைத் தூக்கினேன். அதுவரை நான் அதைக் கையால் தொட்டதே இல்லை. அவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கடிக்கவில்லை. கடிக்கத் தெம்பில்லை.

தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. டிரைவர் கண்ணாடியில் பெட்டியைப் பார்த்தார்.

“இன்னாமா அது, கிளியா?”

“கிளி மாதிரி. முட்டை உள்ள மாட்டிக்கிச்சு. சீக்கிரம் போங்க.”

“அய்ய! பிரசவ கேஸா? ஏர்றப்பவே சொல்றதில்லியா?” என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். மந்தைவெளியில் தண்ணீர் தேங்கி பஸ்கள் நின்றிருந்தன. அவர் தலையை வெளியே நீட்டி, “நைனா, ஓரம் குடு நைனா! பிரசவ கேஸு கீது!” என்று கத்தினார். ஒரு பைக்காரர் பதறிப்போய் ஒதுங்கி, எட்டிப் பார்த்து, நிறைமாதப் பெண்ணைத் தேடினார். என்னைப் பார்த்துவிட்டு, “இவங்களா?” என்று கேட்டது மழையிலும் காதில் விழுந்தது. “போடாங்,” என்றார் டிரைவர். “வவுத்தெரிச்சல கெளப்பாத.”

பெட்டியை மடியில், வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தேன். தையல் போட்ட இடத்துக்கு நேராக அது இருந்தது. அங்கே இன்னும் சில இடங்களில் தொட்டால் உணர்ச்சி இல்லை. ஆனாலும் பெட்டிக்குள் அது முக்கும்போது எழுந்த அதிர்வு எனக்குத் தெரிந்தது. திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது அது நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தேன். அலகு திறந்து திறந்து மூடியது.

“முக்குடீ,” என்றேன். “இவ்ளோ தூரம் வந்துட்டோம். முக்கு.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

டாக்டர் ஊசி போட்டார். வெந்நீர் ஆவியும் விளக்குச் சூடுமாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் எண்ணெய் தடவிய விரலால் அதன் வயிற்றை மெல்லத் தள்ள, தலைப் பக்கத்தை நான் பிடித்திருக்க வேண்டியிருந்தது. என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதன் கழுத்து. இதயம் ஓடும் வேகம் விரலில் அடித்தது. இதை எழுதும்போதும் அந்த விரல்களில் அது இருக்கிறது. வந்தது தோல்முட்டை. ஓடு பிடிக்காமல், ஈரத் துணிப் பை போல, கொழகொழவென்று.

“பிழைச்சுக்கிச்சு,” என்றார் டாக்டர். “இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். “இதுக்கும் கர்ப்பப்பையை எடுத்துற முடியாதா?” என்று கேட்டேன்.

“ஐயோ, பறவைங்களுக்கு அது ரொம்ப ரிஸ்க்மா. வேற எல்லாம் செஞ்சு பாத்துட்டு, கடைசியாத்தான் அத யோசிப்போம்.”

எனக்கு முதலிலேயே யோசித்தார்கள். அந்த நேரத்திலும், அதன் உயிர் தப்பிய அந்த நிமிடத்திலும், அதன் மேல் எனக்குப் பொறாமைதான் வந்தது.

மாலையில் மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். பரீட்சை முடிந்து போனைப் பார்த்திருக்கிறாள். என்னைத் தாண்டி நேராகக் கூண்டுக்குப் போனாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். “சாரிடீ, சாரிடீ” என்று அழுதாள். நான் சோபாவில் இருந்தேன். இன்னும் புடவைகூட மாற்றவில்லை. மடியில் ஈரமும் எச்சமும் இருந்தன.

“நான்தான் கொண்டுபோனேன்,” என்றேன்.

“தேங்க்ஸ்மா,” என்றாள், திரும்பாமல்.

“எனக்கு ஆபரேஷன் ஆனப்போ ஒருநாளாவது லீவு போட்டியா?”

திரும்பினாள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நிறுத்த முடியவில்லை. மிக்ஸியைச் சொன்னேன், கெட்டிலைச் சொன்னேன், கால்மாட்டில் உட்கார்ந்து போன் பார்த்ததைச் சொன்னேன். “ஒரு பறவைக்கு இருக்குற மதிப்பு எனக்கு இந்த வீட்ல இல்ல” என்று, யாராவது சொல்லக் கேட்டால் நானே சிரிக்கக்கூடிய அந்த வார்த்தையையும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீதானேம்மா ஓகேன்னு சொன்ன? போடி, காலேஜ் ஃபங்ஷன மிஸ் பண்ணாதன்னு சொன்ன.”

“சொன்னா?”

“சொன்னா நம்புவேன்ல?” அவளுக்கும் கோபம் வந்திருந்தது. “இது சொல்லாதும்மா. உடம்பு சரியில்லன்னா பறவை மறைச்சிரும். அதனாலதான் நான் பாத்துட்டே இருக்கேன். நீ வாய் இருக்குறவதானே? நீயும் மறைச்சா நான் என்ன பண்றது?”

எனக்கு இதற்குப் பதில் இருந்தது. வாய் இருப்பவளையும் பார்க்கலாம் என்ற பதில். ஆனால் அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது; அந்தப் பாதி உறைத்தது. அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் சாயவில்லை. “வலிக்குதா இன்னும்?” என்றாள். “மழை பெஞ்சா” என்றேன். இருவரும் கூண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மகள் கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் பால்கனிக்கு எடுத்துப் போனாள்.

“எனக்கு ஒண்ணு போடு,” என்றேன்.

“என்னது?”

“முட்டை. அதுக்கு வைக்கிறதுல மிச்சம் வேண்டாம். தனியா, முழுசா ஒண்ணு.”

கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். என் முகத்தைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, அதை விட்டுவிட்டு, “உப்பு தொட்டுத் திங்கணும்னு சொல்லுவாவ” என்றார். எங்கே கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

மகள் உரித்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். சூடாக, வழுவழுவென்று இருந்தது. கடித்தேன். வெள்ளைக்கு ருசியே இல்லை. மஞ்சள் மாவு போல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்து இறக்கினேன். கந்தக வாடை மூக்கில் ஏறியது. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாந்தி எடுப்பேன் என்று காத்திருந்தார்களோ என்னவோ. பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை.

கூண்டுக்குள் பறவை மேல்கம்பிக்கு வந்து, கழுத்தைச் சாய்த்து, என் தட்டைப் பார்த்தது. நேற்றைக்கு என் விரல்களுக்குள் இருந்த கழுத்து. ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது.

“மீதிய அதுக்குக் குடுத்துரட்டுமாம்மா?” என்றாள் மகள்.

“வேண்டாம்,” என்று தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “மெதுவா நானே சாப்பிட்டுக்கிறேன்.”